வெண்டார்ஃப் வீட்டுக் கதவுக்கு மோட்டார் வந்த விதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வெண்டார்ஃப் வீட்டு கேரேஜுக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்குரியவர் நோர்பர்ட் வெண்டார்ஃப், அவர் மனைவி லவான், சிகாகோப் பக்கத்திலிருந்து முந்தின நாள் வந்திருந்த மகள் கிரெட்சன், அவள் கணவன் பிரென்ட், லவானின் தம்பி எல்ராய். எல்ராயின் நாயும் இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

எல்லோரும் பக்கவாட்டிலிருந்த சிறு கதவு வழியாக உள்ளே வந்து, பெரிய கதவு மூடியிருக்க, குழல்விளக்கு வெளிச்சத்தில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை முடியப்போகும் சமயம். வெளியே ஏரிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எல்லோருக்கும் கழுத்தில் வியர்வை.

"கதவைத் தூக்கினா என்ன, நோர்ப்? மாட்டுத் தொழுவம் மாதிரி புழுங்குது" என்றார் எல்ராய்.

"வெயில் அடிக்குது" என்றார் நோர்பர்ட்.

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. வெயில் அடித்தது உண்மைதான். வீட்டின் மறுபக்கத்தில் அடித்தது.

விஸ்கான்சினில் அந்த மாதிரி ஊர்களில் முன்வாசல் என்பது பாதிரியாருக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் உரியது. மற்றவர்கள் கேரேஜ் வழியாகத்தான் வருவார்கள். கோடை வந்ததும் காரை வெளியே நிறுத்திவிட்டு, கேரேஜைக் கழுவி, நாற்காலிகளைத் தெருவைப் பார்த்துப் போடுவார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குக் கதவு மேலே போனால் தெரு முழுக்க அழைப்பு போனதாக அர்த்தம். திறந்த கதவைப் பார்த்தவர் உள்ளே வரலாம். மூலையில் இருக்கும் பழைய ஃபிரிட்ஜிலிருந்து பீர் எடுத்துக்கொள்ளலாம். சீட்டாட்டத்தில் உட்காரலாம், அல்லது சும்மா உட்கார்ந்து போகிற வருகிற கார்களைக் குறை சொல்லலாம். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நான்கு மணிக்குக் கதவு மூடியிருந்தால், அந்த வீட்டில் காய்ச்சல் அல்லது சண்டை என்று ஊர் புரிந்துகொள்ளும்.

வெண்டார்ஃப் வீட்டுக் கதவு அந்தத் தெருவிலேயே கனமானது. தேவதாரு மரம். நோர்பர்ட்டும் இப்போது உயிரோடு இல்லாத அவருடைய அண்ணனும் சேர்ந்து இழைத்துச் செய்தது. மற்ற வீடுகளில் எல்லாம் தகரக் கதவு, பொத்தானை அமுக்கினால் தானாக ஏறி இறங்கும். நோர்பர்ட் மட்டும் மோட்டார் வைத்துக்கொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், தெருக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அவர் சொல்லிவிட்டார்: "என் வீட்டுக்கு வர்றவங்களுக்கு நான் கதவைத் திறப்பேன். அதுக்கு ஒரு மோட்டாரை அனுப்ப மாட்டேன்." சொன்ன வார்த்தையை வெண்டார்ஃப் குடும்பத்தில் யாரும் திருப்பி வாங்கியதில்லை. காகித ஆலையில் நாற்பது வருடம் இயந்திரத்தின் முன் நின்றவர், எழுபத்தேழு வயதிலும் தேவாலயத்தில் முதுகு சாய்க்காமல் உட்காருகிறவர், தினமும் நான்கு மணிக்கு ஒரு கையால் அந்தக் கதவைத் தூக்கிவிடுவார்.

இந்த ஜூலையில் அது கனக்க ஆரம்பித்துவிட்டது.

ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்துக்கு மறுநாள்தான் முதலில் தெரிந்தது. வழக்கம்போல் ஒரு கையால் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, மார்பு வரை கொண்டுவந்து, தோளைக் கொடுத்து நெட்டியபோதுதான் ஏறியது. பிறகு ஃபிரீசர் பெட்டி மேல் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். வசந்தகாலத்தில் டாக்டர் அவருடைய தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். அப்போது அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு, லவான் துணி துவைக்க நிலவறைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் கதவைத் திறப்பது. மூடும்போது அது கையிலிருந்து நழுவி, வீடே அதிர விழும். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கோடிவீட்டு ஹாங்க் ப்யூட்னருக்கு நடந்தது கண்முன் நடந்தது. முதலில் கதவுக்கு மோட்டார் வந்தது. பிறகு குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வந்தது. பிறகு பிள்ளைகள் வந்தார்கள். இப்போது ஹாங்க் ஏதோ ஒரு அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் இருக்கிறான். கேரேஜ் கிடையாது. நான்கு மணிக்கு ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கிறான்.

கிரெட்சன் போனில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, படி ஏறத் தேவையில்லாத, தோட்ட வேலை இல்லாத, அருமையான ஒரு வீடு வாடகைக்கு வருகிறதாம். அவர்கள் வீடு இருப்பது பக்கத்து மாநிலமான இல்லினாயில். மகள் இல்லினாய்க்காரனைக் கல்யாணம் செய்துகொண்டதையே நோர்பர்ட் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டவர். ஆனால் வெண்டார்ஃப் குடும்பத்தில் இதுவரை யாரும் அந்த மாநிலத்தில் குடியிருந்ததில்லை. யாரையும் அங்கே புதைத்ததும் இல்லை.

முந்தின நாள் சனிக்கிழமை, மகளும் மருமகனும் வந்து இறங்கியபோது மணி நான்கு ஆகியிருந்தது. எல்லோரும் சுற்றி நிற்கும்போது கதவோடு மல்லுக்கட்ட நோர்பர்ட்டுக்கு மனமில்லை. மூடியே வைத்துவிட்டார். கிரெட்சன் காரிலிருந்து இறங்கி, மூடிய கதவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இரவு சமையலறையில் அவளும் கணவனும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது நோர்பர்ட்டின் காதில் விழுந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை, பீரில் வேகவைத்த பிராட்வர்ஸ்ட் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் முடிந்த கையோடு பிரென்ட் தொண்டையைக் கனைத்தபோது, நோர்பர்ட் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நோர்பர்ட், அடுத்த மாசம் உங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். நானும் கிரெட்சனும் ஒரு பரிசு யோசிச்சிருக்கோம். இந்தக் கதவுக்கு நல்லதா ஒரு மோட்டார். எது வேணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"கல்யாண நாளுக்கு மோட்டாரா?" என்றார் லவான். "எனக்கு ஒரு சங்கிலி போடுவீங்கன்னு பாத்தேன்."

"சங்கிலி மோட்டாரே இருக்கு அக்கா" என்றார் எல்ராய். "அதைத்தான் நானும் சொல்றேன். சங்கிலிதான் நிக்கும். முப்பது வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்காகப் பனி தள்ளற வண்டி ஓட்டினவன் நான். பனியில எது நிக்கும், எது அறுந்துபோகும்னு என்னைக் கேளு."

"சங்கிலி ரொம்பச் சத்தம் போடும், எல்ராய் மாமா" என்றான் பிரென்ட். அவன் கையில் போன் இருந்தது. நேற்று இரவு முழுக்க அதில்தான் படித்திருப்பான். "இப்பல்லாம் ரப்பர் பெல்ட் வச்சது வருது. பூனை நடந்த மாதிரி இருக்கும். இவங்க படுக்கையறை கேரேஜுக்கு நேர் மேலே இருக்கு, பாருங்க. அதைவிட நல்லது ஒண்ணு இருக்கு. கூரையில தொங்காது. கதவுக்குப் பக்கத்துல சுவத்துலயே மாட்டிடலாம். போன்ல இருந்தே திறக்கலாம், மூடலாம். நாங்க அங்கே இருந்தபடியே கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாத்துக்கலாம்."

"எங்கே இருந்தபடியே?" என்றார் நோர்பர்ட்.

"எங்க வீட்டுல இருந்து."

"இல்லினாய்ல இருந்து."

"ஆமா."

"என் வீட்டுக் கதவை இல்லினாய்ல இருந்து திறக்கப்போறீங்க."

எல்ராய் பீர் டப்பாவால் வாயை மறைத்துக்கொண்டார். "சும்மா இரு, நோர்ப். அந்த ஊர்க்காரங்க ஃபுட்பால்லதான் கோல் வரைக்கும் போறதில்ல. கதவாவது திறந்து பாக்கட்டும்."

"அப்பா, வேவு பார்க்கறதுக்கு இல்லப்பா" என்றாள் கிரெட்சன். "நேத்து நாலு மணிக்குக் கதவு மூடியிருந்துது. எனக்கு நினைவு தெரிஞ்சு அப்படி நான் பாத்ததே இல்லை. ஒரு நாள் நீங்க விழுந்துகிடந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் கேக்கறேன்."

அவள் குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. அதிகாரத்தை எப்படிச் சமாளிப்பது என்று நோர்பர்ட்டுக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் வேண்டும் என்று சொன்னால், முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. வேண்டாம் என்று சொன்னால், நாளை மறுபடியும் அந்தக் கதவைத் தூக்க வேண்டும், நாளன்றைக்கும் தூக்க வேண்டும்.

"எதை வாங்கினாலும் முதல்ல ஒண்ணு செய்யணுமாம்" என்றான் பிரென்ட், போனைப் பார்த்தபடி. "கதவைக் கையால இடுப்பு உயரம் தூக்கிட்டு விடணும். விட்ட இடத்துல அப்படியே நின்னா கதவு சரியா இருக்கு. விழுந்துட்டா, முதல்ல கதவைச் சரி பண்ணணும். மோட்டார் அப்புறம்தான். நோர்பர்ட், ஒரு தடவை தூக்கிக் காட்டறீங்களா?"

மகள், மருமகன், மைத்துனன், மனைவி, எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். முப்பது வருடமாகத் தினமும் செய்கிற காரியம். முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அவர் எழுவதற்குள் பிரென்ட்டே எழுந்துவிட்டான். "சரி, நீங்க உட்காருங்க. நான் பாத்துக்கறேன்."

நீங்க உட்காருங்க என்ற அந்த வார்த்தை அவரைச் சுருக்கென்று தைத்தது. அதேசமயம், உட்கார்ந்தே இருக்கலாம் என்பதில் பெரிய ஆறுதலாகவும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து அவர் மருமகன்மேல் கோபப்பட்டார்.

பிரென்ட் வாரத்தில் பாதி நாள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். சட்டையின் கை அதற்குச் சாட்சி. கைப்பிடியை அலட்சியமாக ஒரு கையால் பிடித்து இழுத்தான். கதவு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் பிடித்தான். கால்முட்டி உயரம் வந்தது. முகம் சிவந்தது. விட்டான். கதவு தடாலென்று தரையில் மோதியது. நாய் எழுந்து குரைத்தது.

"பூட்டியிருக்கா?" என்றான் பிரென்ட்.

"பூட்டியிருந்தா முட்டி வரைக்கும் எப்படி வரும்?" என்றார் எல்ராய். "தள்ளு. பளு தூக்கறவனுக்கு ஒரு கதவைத் தூக்கத் தெரியலை. அந்தக் கூடத்துல உங்களுக்கு எதைத் தூக்கக் கொடுக்கறாங்க? தலகாணியா?"

எல்ராய் பீரை வைத்துவிட்டு, உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்து, குனிந்தார். ஒரு முனகல் கேட்டது. கதவு இடுப்பு வரை வந்தது. அங்கே ஒரு கணம் நடுங்கியது. "வழி, வழி, வழி" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் குதித்தார். மறுபடி தடால்.

"ஏன்டாப்பா" என்றார் எல்ராய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "இதுக்குள்ள என்ன, ஆணியெல்லாம் ஈயத்துல அடிச்சிருக்கியா?"

நோர்பர்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைவிட முப்பது வயது இளையவன் ஒருவன். தன்னைவிட எட்டு வயது இளையவன், ஒரு காலத்தில் பனியில் சிக்கின லாரியை முதுகு கொடுத்துத் தள்ளினவன். இரண்டு பேராலும் முடியவில்லை. அவர் மனதில் ஒரு எண்ணம் மெதுவாகத் தலைதூக்கியது. அதை நம்ப அவருக்குப் பயமாக இருந்தது. இந்தக் கதவை நேற்று முன்தினம் திறந்தது யார்?

கையில் இருந்த பீரை ஃபிரீசர் பெட்டி மேல் வைத்துவிட்டு அவர் எழுந்தார்.

"நோர்ப்" என்றார் லவான். "உன் தோள்."

அது லவானுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவர் நிற்கவில்லை. கதவருகில் போய், கால்களை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு மாதப் பழக்கத்தில் அதன் சூட்சுமம் கைக்கு வந்திருந்தது. முதலில் முழங்காலால், பிறகு மார்பால், கடைசியில் மூட்டு தேயாத தோளால். பல்லைக் கடித்துக்கொண்டார். கதவு ஏறியது. ஏறிக்கொண்டே போய், மேலே தண்டவாளத்தின் முட்டில் இடித்து நின்றது.

வெளிச்சம் உள்ளே கொட்டியது. ஏரிக்காற்று உள்ளே வந்தது. எதிர்வீட்டு மெர்லின் தன் படகைக் கழுவிக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினான். நோர்பர்ட் முதுகை நிமிர்த்தி, பதிலுக்குக் கையை உயர்த்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது. அது தூரத்துக்குத் தெரியாது.

கதவு இடித்த வேகத்தில், வாசலின் மேல்பக்கம் உட்புறமாக ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்த தங்கள் மாநில ஃபுட்பால் அணியின் பச்சை மஞ்சள் கொடி கழன்று, எல்ராயின் தலையில் விழுந்தது.

"நல்ல வேளை, நம்ம கொடி" என்று கொடிக்குள்ளிருந்து எல்ராயின் குரல் வந்தது.

யாரும் சிரிப்பதற்குள் லவான் விரலை நீட்டினார். கொடி மறைத்திருந்த இடத்தில், கதவுக்கு மேலே ஓடும் இரும்புத் தண்டு தெரிந்தது. அதில் இரண்டு பெரிய ஸ்பிரிங்குகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"நோர்ப், அந்த வலப்பக்கத்துச் சுருள் எப்பவும் ரெண்டாவா இருந்துது?"

நோர்பர்ட் அண்ணாந்து பார்த்தார். ஸ்பிரிங் நடுவில் அறுந்து, இரண்டு துண்டுக்கும் இடையில் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது. அவரும் அண்ணனும் சேர்ந்து மாட்டிய ஸ்பிரிங். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதவின் எடையை மனிதன் தூக்குவதில்லை, அந்த இரண்டும்தான் தூக்குகின்றன. மனிதன் தொட்டுக்கொடுத்தால் போதும். ஒன்று போனால் பாதி எடை மனிதன் தலையில்.

"அறுந்துபோச்சு" என்றார்.

"எப்போ?" என்றாள் கிரெட்சன்.

"ஜூலை நாலு" என்றார் எல்ராய். கொடியை ஷால் மாதிரி தோளில் போட்டிருந்தார். அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. "ராத்திரி பின்பக்கம் உட்கார்ந்திருந்தோமே. பெரிசா ஒரு வெடி கேக்கலை? குப்பைத்தொட்டிக்குள்ள வேட்டு வச்சிருக்கான்னு நான் மெர்லின் வீட்டுக்குப் போய் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வந்தேனே."

"அவன் நான் வைக்கலை, நான் வைக்கலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தானே, பாவம்" என்றார் லவான்.

பிரென்ட் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான். பிறகு மாமனாரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை அவன் இதுவரை அவரைப் பார்த்த பார்வை அல்ல. "தேவதாருக் கதவு, ரெண்டு கார் அகலம். பாதி எடைன்னாலே நூறு பவுண்டுக்கு மேல வருது. நோர்பர்ட், ஜூலை நாலுல இருந்து நீங்க தினமும் இதைத் தூக்கினீங்களா?"

"நேத்து தூக்கலை" என்றார் நோர்பர்ட். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

"ஏன்ப்பா சொல்லலை?" என்றாள் கிரெட்சன்.

"கை போச்சுன்னு நினைச்சேன்."

அதைச் சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. ஆனால் அந்த வாக்கியம் அதற்குள் பழையதாகிவிட்டிருந்தது. போனது கை அல்ல. முப்பது வருடம் உழைத்த ஒரு இரும்புச் சுருள். இரும்பு அறுந்துவிட்டது, நோர்பர்ட் வெண்டார்ஃப் அறுந்துபோகவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சத்தமாகச் சிரிக்கிறவர் அல்ல. தோள் மட்டும் குலுங்கியது, வலித்தது, இன்னும் குலுங்கியது.

லவான் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இரு, இரு. அப்ப தினம் ராத்திரி கதவை அந்த அறை அறைஞ்சது கோபத்துல இல்லையா?"

"கோபமா? எனக்கென்ன கோபம்?"

"நான் எதுல தப்பு பண்ணினேன்னு மாசம் முழுக்க யோசிச்சேன். நீ கேக்காமலே செர்ரி கேக் செஞ்சேன். உன் அக்காவைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாரம் வச்சிருந்தேன், நோர்ப். ஒரு வாரம்."

"கேக் நல்லா இருந்துது" என்றார் நோர்பர்ட்.

எல்ராய் நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தார். நாய் மறுபடி குரைத்தது. கதவு திறந்திருப்பதைப் பார்த்த மெர்லின், வழக்கப்படி, கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்தான். எல்ராய் எழுந்து நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார், தோளில் கொடியோடு.

"நான் வைக்கலைன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றான் மெர்லின். "ஏன் மணி நாலு ஆகறதுக்கு முன்னாடியே திறந்திருக்கீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

"ஒரு ஸ்பிரிங்" என்றார் லவான்.

நோர்பர்ட் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து, பீரை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. இப்ப மோட்டார் விஷயம் பேசுவோம்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"வேணும்கறீங்களா?" என்றான் பிரென்ட். "ஸ்பிரிங்கை மாத்திட்டா நீங்க பழையபடி ஒரு கையாலயே..."

"தெரியும். ஒரு கையால தூக்குவேன். அதனாலதான் வாங்கப்போறேன். தூக்க முடியாதவனுக்கு வாங்கினா அது கைத்தடி. எனக்கு அது வேண்டாம். எனக்குக் கதவு திறக்கற நேரத்துல கையில சீட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

இது அவர் பல வருடங்களுக்கு முன் தெருவுக்கு முன்னால் சொன்ன வார்த்தைக்கு எப்படிப் பொருந்தும் என்று மெர்லின் கேட்கப்போனான். எல்ராய் அவன் காலை மிதித்தார்.

"அப்ப பெல்ட்" என்றான் பிரென்ட் ஆவலாக. "சத்தமே இருக்காது."

"சங்கிலி" என்றார் எல்ராய்.

"சங்கிலிதான்" என்றார் லவான். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "என்ன பாக்கறீங்க? மேல படுக்கறது நான். இவர் வெளியே போறதும் வர்றதும் எனக்குத் தெரியணும். நான் தங்கச்சிகூட போன்ல பேசிக்கிட்டிருக்கும்போது பூனை மாதிரி ஒரு கதவு திறந்து, பின்னால வந்து நின்னார்னா என்ன ஆகறது? இருக்கறதுலயே அதிகமா சத்தம் போடறது எதுவோ, அது."

"சங்கிலி. மரக்கதவைத் தாங்கற பெரிய மோட்டார்" என்றார் நோர்பர்ட். "பனிப்புயல்ல கரண்ட் போனாலும் திறக்கற மாதிரி பேட்டரி வச்சது. அதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பிரிங்கும் புதுசு. ஸ்பிரிங் என் செலவு. அது பரிசுல சேராது."

பிரென்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மாமனாரும் தானும் ஒரு விஷயத்தில் உடன்படுவது அவனுக்குப் புதுசு.

கிரெட்சன் மட்டும் கையில் இருந்த துணித்துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மனதில் கவலை இருக்கும்போதுதான் மகள் இப்படி மடிப்பாள் என்று நோர்பர்ட்டுக்குத் தெரியும். அவருடைய அம்மாவும் இப்படித்தான்.

"பிரென்ட்" என்றார். "அந்த போன்ல தெரியற சமாச்சாரம். சங்கிலி மோட்டார்லயும் அது வருமா?"

"வரும்."

"திறக்கற வேலை, மூடற வேலை எல்லாம் உங்களுக்குக் கிடையாது. அது எங்களோடது. திறந்திருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும், இல்லையா?"

"போதும்ப்பா" என்றாள் கிரெட்சன்.

"அப்ப வச்சுக்குங்க. தினம் நாலு மணிக்குப் பாருங்க. திறந்திருந்தா, நம்ம தெருவுல அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும். கிளம்பி வந்துடுங்க."

அவள் துணித்துண்டைக் கீழே வைத்தாள். "மூணு மணி நேரம் ஓட்டணும்ப்பா."

"பீர் சில்லுன்னுதான் இருக்கும்."

கிரெட்சன் எழுந்து வந்து அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அப்படித்தான் உட்காருவாள், நாற்காலி முறியும் என்று திட்டு வாங்குவாள். இன்று யாரும் திட்டவில்லை. "அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நாளைக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. நோர்பர்ட் தெருவைப் பார்த்தபடி, ஒரு முறை தலையை அசைத்தார். பிறகு சீட்டுக்கட்டை எடுத்து வரச் சொன்னார். மெர்லினுக்கு நல்ல சீட்டாக விழுந்துகொண்டிருந்ததால் இருட்டும் வரை யாரும் எழுந்திருக்க முடியவில்லை.

ஸ்பிரிங் மாற்றுகிறவர் அந்த வாரமே வந்து இரண்டையும் மாற்றினார். மோட்டார் கல்யாண நாளுக்கு முந்தின சனிக்கிழமை மாட்டப்பட்டது. அன்று நான்கு மணிக்கு லவான்தான் பொத்தானை அமுக்கினார். பழைய டிராக்டர் ஒன்று மலையேறுவது போன்ற சத்தத்தோடு தேவதாருக் கதவு மேலே போனது. தெருக்கோடி வரை கேட்டிருக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தவர்கள் எல்லோரும், கதவு திறந்திருப்பதைக் கண்டு, அப்படியே கையில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஹாங்க் ப்யூட்னரை எல்ராய் காரில் போய் அழைத்துவந்திருந்தார். ஹாங்க் மூன்று முறை கதவைத் திறந்து மூடச் சொல்லிக் கேட்டான். இவ்வளவு மோசமான சத்தம் தன் மோட்டாரில்கூட வந்ததில்லை என்று மிகவும் திருப்தியாகச் சொன்னான். பிராட்வர்ஸ்ட் போதாமல் மெர்லின் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். ஏழு மணிக்கு இல்லினாய் நம்பர் பலகையோடு ஒரு கார் வந்து நின்றது. கிரெட்சன் காரிலிருந்து போனைக் காட்டியபடியே இறங்கினாள்.

அன்று முதல் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. நோர்பர்ட் வெண்டார்ஃப் அறுந்த ஸ்பிரிங்கோடு அந்தக் கதவை ஒரே கையால் தூக்கினார் என்றும், மறு கையில் பீர் இருந்தது என்றும், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்றும் மெர்லின் மதுக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது உண்மையல்ல. இரண்டு கையாலும் தூக்கினார். பீர் ஃபிரீசர் பெட்டி மேல் இருந்தது.